மரகதம் இல்லை, அடுப்புத் தட்டுக்குத் தம்பி! நகைக் கடைக்கு வந்த 'நானோ' கல்

பச்சைப் பசேல் என்று ஒரு கல். வெயிலில் பிடித்தால் கிளிச் சிறகு போல மின்னுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் ஒரு கீறல் இல்லை. ஒரு புள்ளி இல்லை.

"மரகதம் சார். சுத்தமான கல்லு. இந்த விலைக்கு வேற எங்கேயும் கிடைக்காது" என்கிறார் விற்பவர்.

அங்கேதான் உஷார் தேவை!

அது பூமியைத் தோண்டி எடுத்த கல்லாக இல்லாமல் இருக்கலாம். உலையில் காய்ச்சிய கண்ணாடியாக இருக்கலாம். கண்ணாடி என்றால் ஜன்னல் கண்ணாடி அல்ல. பாதி கண்ணாடி, பாதி படிகம். விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'கிளாஸ் செராமிக்'. கல் வியாபாரிகள் வைத்த பெயர் 'நானோ'.

வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருக்கிறதா? அதன் மேலே வழவழ என்று கறுப்புத் தட்டு ஒன்று இருக்குமே, அநேகமாக அதுவும் இந்த ஜாதிதான். கொதிக்கிற பாத்திரத்தை வைத்தாலும் விரிசல் விடாது. பல் டாக்டர்கள் பொருத்தும் வெள்ளைப் பல் உறையில் ஒரு ரகம் உண்டு. அதுவும் இதே குடும்பம். ஆக, இந்த 'மரகத'த்துக்கு அண்ணன் சமையல் அறையில் இருக்கிறான். அக்காள் பல் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்!

தவறிப் பிறந்தது

இந்தக் கண்ணாடி பிறந்த கதை சுவையானது.

1953-ம் ஆண்டு. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்று ஒரு ஊர். அங்கே உள்ள கண்ணாடிக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். ஒரு கண்ணாடித் தகட்டை உலையில் வைத்தார். 600 டிகிரி உஷ்ணம் போதும் என்று முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

உலை கோளாறு செய்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் 900 டிகிரி!

கண்ணாடி உருகிக் கூழாகி உலையே பாழாகி இருக்கும் என்று எண்ணிக் கதவைத் திறந்தார். தகடு அப்படியே இருந்தது. நிறம் மட்டும் பால் வெள்ளையாக மாறி இருந்தது. இடுக்கியால் பிடித்து வெளியே எடுத்தார். அவசரத்தில் இடுக்கி நழுவியது. தகடு தரையில் விழுந்தது.

உடைந்ததா? இல்லை! இரும்புத் தட்டு விழுந்தது போல 'ணங்' என்று சத்தம்தான் வந்தது.

கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் கோடி கோடியாக முளைத்திருந்தன. விரிசல் ஓட முயன்றால் ஒவ்வொரு படிகமும் குறுக்கே நின்று மறிக்கும். அதனால்தான் அந்த உறுதி. இந்த ஜாதிக் கண்ணாடியில் ஏவுகணை மூக்கு செய்தார்கள். 1958-ல் சமையல் பாத்திரம் செய்து விற்றார்கள். ஸ்டூக்கி 99 வயது வரை வாழ்ந்து 2014-ல் காலமானார். கை நழுவியதால் கிடைத்த யோகம் என்று சொல்ல வேண்டும். நழுவாமல் இருந்தால் அந்த வெள்ளைத் தகட்டைக் குப்பையில் போட்டிருப்பாரோ என்னவோ!

கற்கண்டு மாதிரி

கண்ணாடியில் படிகம் எப்படி முளைக்கிறது?

கற்கண்டு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்க விட்டால் நூலைப் பிடித்துக் கொண்டு கற்கண்டு வளரும். இங்கே நூலுக்குப் பதில் டைட்டானியம் ஆக்சைடு, சிர்க்கோனியம் ஆக்சைடு போன்ற சரக்குகளைக் கண்ணாடிக் குழம்பில் கலக்கிறார்கள். குழம்பை ஆற வைத்துக் கண்ணாடி ஆக்குகிறார்கள். பிறகு மறுபடியும் சூடு. முதலில் ஓர் அளவுச் சூட்டில் விதை முளைக்கிறது. அதற்கு மேல் ஏற்றினால் படிகம் வளர்கிறது.

ஸ்டூக்கியின் தகடு வெள்ளையாகப் போனதற்குக் காரணம், படிகங்கள் பெரிதாக வளர்ந்துவிட்டதுதான். பெரிய படிகத்தில் வெளிச்சம் மோதிச் சிதறும். நகைக் கல்லுக்கு அது ஆகாது. கல் என்றால் ஊடுருவிப் பார்க்க வேண்டாமா? அதனால் படிகத்தை வளர விடாமல் குழந்தையாகவே நிறுத்தி விடுகிறார்கள். எவ்வளவு குழந்தை என்றால், ஒரு மில்லி மீட்டரை லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு 10 நானோ மீட்டர். அந்தக் கணக்கில்தான் இதன் படிகங்கள் இருக்கின்றன. 'நானோ' என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

நிறம்? அதுவும் உலையில் கலக்கிற உப்புதான். கோபால்ட் போட்டால் நீலம். குரோமியம் போட்டால் பச்சை. தாமிரம், நிக்கல் என்று மாற்றி மாற்றிப் போட்டு வேண்டிய சாயலைக் கொண்டு வந்து விடுகிறார்கள். மரகதம், நீலம், புஷ்பராகம் மட்டும் அல்ல. 1967-ல் ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டில் கிடைத்த டான்சனைட் என்ற ஊதாக் கல்லுக்கும் இதில் நகல் உண்டு.

நகைக்கான இந்தக் கல்லில் முந்திக் கொண்டவர்கள் ரஷ்யர்கள். கிளாஸ் செராமிக்குக்கு அவர்கள் பாஷையில் 'சிட்டால்' என்று பெயர். அதனால் இந்தக் கல்லை 'நானோ சிட்டால்' என்றும் சொல்கிறார்கள்.

தீக்குப் பயம் இல்லை

நகை செய்கிறவர்களுக்கு இந்தக் கல் மீது ஏன் இவ்வளவு ஆசை? விலை மலிவு என்பது ஒன்று. அதைவிடப் பெரிய காரணம் வேறு.

முன்பெல்லாம் ஆசாரி நகையைச் செய்து முடித்துவிட்டு, கடைசியில் ஒவ்வொரு கல்லாக எடுத்துப் பதிப்பார். இயந்திர வார்ப்பில் அது தலைகீழ். முதலில் மெழுகில் மோதிரம் செய்கிறார்கள். அந்த மெழுகிலேயே கற்களைப் பதித்து விடுகிறார்கள். சுற்றிலும் மாவுக் குழம்பை ஊற்றி இறுக விட்டு, 600, 700 டிகிரிச் சூட்டில் வைத்தால் மெழுகு எரிந்து போய்விடும். அந்த இடத்தில் உருக்கிய தங்கமோ வெள்ளியோ ஓடி நிரம்பும். உடைத்து எடுத்தால் கல்லும் நகையும் ஒன்றாக வெளியே வரும். நூறு மோதிரத்துக்குக் கல் பதிக்கிற கூலி மிச்சம்!

ஆனால் அந்தச் சூட்டை எந்தக் கல் தாங்கும்? சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டு விடும். அசல் மரகதமும் தாங்காது. அதன் உள்ளே இயற்கையாகவே வெடிப்புகளும் ரேகைகளும் உண்டு. அவற்றை மறைக்க எண்ணெய் ஊற வைப்பது உலகம் எங்கும் உள்ள வழக்கம். சூடு பட்டால் எண்ணெய் வற்றிவிடும், கல் பிளந்துவிடும்.

நானோ கல்லோ அசைந்து கொடுக்காது. அடுப்புத் தட்டின் தம்பி ஆயிற்றே! தீயில் போட்டால் அசல் செத்து விடுகிறது, நகல் பிழைத்து விடுகிறது.

திருச்சிக் கல்

மாற்றுக் கல் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 'திருச்சிக் கல்' என்றால் தெரியாத நகைக்கடை உண்டா?

1902-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி அகுஸ்த் வெர்னாய் ஒரு வித்தையை வெளியிட்டார். அலுமினியம் ஆக்சைடு தூளைத் தீச்சுவாலை வழியாகச் சொட்டுச் சொட்டாக விழச் செய்தார். கீழே ஒரு குச்சியில் அது உறைந்து, விரல் பருமனுக்குச் சிவப்புக் கட்டியாக வளர்ந்தது. அதுதான் செயற்கை மாணிக்கம். பழைய கைக்கடிகாரங்களில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருக்குமே, அந்த 17-ம் இந்த மாணிக்கம்தான்.

வெளிநாட்டில் இருந்து வந்த இந்தக் கட்டிகளை அறுத்து, அரக்கில் குச்சியோடு ஒட்டி, சாணையில் பட்டை தீட்டி உலகத்துக்கு அனுப்பிய ஊர் திருச்சி. சுற்றுக் கிராமங்களிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு சாணை சுற்றியது. ஆண்களும் பெண்களும் அதில் பிழைத்தார்கள். பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில் அது.

அடுத்து வந்தது 'அமெரிக்கன் டைமண்ட்'. பெயர்தான் அமெரிக்கன். அதைப் பெரிய அளவில் காய்ச்சும் முறையை 1970-களில் கண்டுபிடித்தவர்கள் மாஸ்கோ விஞ்ஞானிகள்! லெபதேவ் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்ததால், அந்தக் கூடத்தின் சுருக்கப் பெயரைச் சேர்த்து 'பியானிட்' என்று ரஷ்யாவில் அழைத்தார்கள். அது நம் ஊர் வந்து சேர்ந்தபோது அமெரிக்கா பெயர் ஒட்டிக் கொண்டது. ரஷ்யக் கல்லுக்கு அமெரிக்க முத்திரை!

அந்தக் கல்லையும் திருச்சி சாணைகள் பட்டை தீட்டின. பிறகு சீனாவில் இயந்திரம் வந்தது. குவாங்சி மாநிலத்தில் வூசோ என்ற நகரம் மாற்றுக் கல்லுக்கே தலைநகரம் ஆகிவிட்டது. அங்கே இயந்திரத்தில் வெட்டி மூட்டை மூட்டையாக இறக்கிய கல்லோடு, கையால் தீட்டிய கல் போட்டி போட முடியவில்லை. திருச்சியில் சாணைகள் ஒவ்வொன்றாக நின்றன. தொழில் சுருங்கிவிட்டது. நானோ கல்லும் அநேகமாக வெட்டி முடித்த சரக்காகவே வருவதால், அதிலும் திருச்சிக்காரர் கைக்குப் பெரிய வேலை இல்லை.

ஆனால் ஒன்று. திருச்சிக் கல் என்று சொல்லி விற்றால் அதில் மோசடி இல்லை. பெயரே விலாசத்தைச் சொல்லி விடுகிறது. வாங்குகிறவரும் தெரிந்துதான் வாங்கினார். நானோ விஷயத்தில் வில்லங்கமே பெயரில்தான் இருக்கிறது.

'லேப்' என்ற மந்திரம்

"லேப் மரகதம்மா, ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே கிடையாது" என்று சொன்னால் கேட்கிறவர்கள் மயங்கி விடுகிறார்கள்.

சோதனைச் சாலையில் மரகதம் வளர்க்க முடியும் என்பது உண்மைதான். அசலில் உள்ள அதே பெரிலியம், அலுமினியம், சிலிக்கா. அதே படிக அமைப்பு. அதற்கு 'செயற்கை மரகதம்' என்று சொல்லிக் கொள்ள உரிமை உண்டு. வெர்னாய் மாணிக்கமும் அப்படியே. சரக்கு ஒன்று, பிறந்த இடம்தான் வேறு.

நானோ கல் அந்த வகை இல்லை. அதில் மரகதம் என்று ஒரு துளியும் கிடையாது. சரக்கே வேறு. நிறம் மட்டும் ஒன்று. எனவே அதை 'லேப் மரகதம்' என்று விற்பதும், 'செயற்கை மரகதம்' என்று விற்பதும் தவறு. 'மரகத நிற நானோ கல்' என்று விற்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

ராசிக்கல் நம்பிக்கை அவரவர் சொந்த விஷயம். ஆனால் புதன் திசைக்கு மரகதம் போடச் சொன்னார் ஜோசியர் என்று ஒரு குமாஸ்தா போனஸ் பணத்தை எடுத்துக் கொண்டு போகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் கேட்பது பச்சை நிறத்தை அல்ல, மரகதத்தை. அவரிடம் மரகத விலை வாங்கிக் கொண்டு கண்ணாடியைக் கொடுத்தால், அதற்குப் பெயர் வியாபாரம் அல்ல.

பால் சோதனை பலிக்காது

"எங்களை ஏமாற்ற முடியாது. பாலில் போட்டுப் பார்ப்போம்" என்று சிலர் மார் தட்டுகிறார்கள். பால் பச்சையாகத் தெரிந்தால் அசல் மரகதமாம்! தெளிவான பச்சைப் பொருள் எதைப் போட்டாலும் பால் கொஞ்சம் பச்சையாகத்தான் தெரியும்.

கண்ணாடியில் கீறிப் பார்ப்பது இன்னொரு சோதனை. சாதாரணக் கண்ணாடியின் கடினம் 5, 6 என்ற கணக்கில் இருக்கும். நானோ கல்லுக்கு ஏறத்தாழ 7. மரகதம் ஏழரையில் இருந்து 8. மாணிக்கம் 9. வைரம் 10. எனவே நானோ கல்லே ஜன்னல் கண்ணாடியைச் சரக் என்று கீறிவிடும். சோதனை பாஸ்! பணம் போச்சு!

நெருப்பில் காட்டுவது எல்லாவற்றையும் விட மோசம். ஏற்கனவே சொன்னபடி, அதில் சாவது அசல் கல்தான்.

கண்ணால் பார்த்து ஒரே ஒரு விஷயத்தைச் சந்தேகிக்கலாம். இயற்கை மரகதத்தில் ரேகை, புள்ளி, மேகம் போன்ற திட்டு ஏதாவது அநேகமாக இருக்கும். துளிக் குறை இல்லாமல் பெரிதாக ஒரு மரகதம் இருந்தால் அதன் விலை சாமானியர் கைக்கு எட்டாது. குறையே இல்லாத கல், விலையும் மலிவு என்றால் இரண்டில் ஒன்று பொய்.

நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் கல் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே உள்ள கருவியில் வெளிச்சம் எப்படி வளைகிறது என்று பார்ப்பார்கள். மரகதத்துக்குள் புகுந்த வெளிச்சம் இரண்டாகப் பிரியும். நானோ கல்லில் பிரியாது. சில நிமிஷத்தில் குட்டு வெளிப்பட்டு விடும்.

ஒரு யோசனை. கல்லை முதலில் சோதித்துவிட்டுப் பிறகு மோதிரத்தில் பதிக்கக் கொடுப்பதே நல்லது. அடிப்பாகம் மூடிய மோதிரத்தில் பதித்துவிட்டால், கல்லை எடை போடவும் முடியாது, எல்லாப் பக்கமும் பார்க்கவும் முடியாது.

கல்லும் தங்க விலையில்!

கல்லில் ஏமாறுவது ஒரு பக்கம். கல்லின் எடையில் ஏமாறுவது இன்னொரு பக்கம். இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை.

5 காரட் கல் என்றால் அதன் எடை 1 கிராம். கல்லோடு சேர்த்து மோதிரம் 6 கிராம் நிற்கிறது என்றால், தங்கம் 5 கிராம்தான். பில்லில் 6 கிராம் தங்கம் என்று போட்டால் என்ன ஆகும்? காய்ச்சிய கண்ணாடியை ஒரு கிராம் தங்க விலைக்கு வாங்கியதாக ஆகும். அதற்குச் சேதாரம் வேறு, வரி வேறு!

அவசரத்துக்கு அந்த மோதிரத்தை அடகு வைக்கப் போகும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. பாங்கி மதிப்பீட்டாளர் தராசில் வைத்துவிட்டு, "கல் எடை கழிச்சுத்தான்மா கணக்கு" என்று சொல்லும்போது தூக்கி வாரிப் போடுகிறது. வாங்கும்போது சேர்த்தது, வைக்கும்போது கழிகிறது.

"ஹால்மார்க் நகைதானே, பயம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் நகையில் 6 இலக்க 'எச்.யு.ஐ.டி.' குறியீடு கட்டாயம். அந்தக் குறியீட்டை செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் 22 காரட்டா, 18 காரட்டா என்று தெரிந்து கொள்ளலாம். மேலே உட்கார்ந்திருக்கும் கல் மரகதமா, அடுப்புத் தட்டா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பு ஏற்காது.

பில்லில் என்ன எழுத வேண்டும்?

மொத்த எடை எவ்வளவு, கல் எடை எவ்வளவு, நிகர தங்க எடை எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லுக்கு விலை தனியாகப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லின் பெயர்! 'பச்சைக் கல் 1' என்று எழுதினால் ஏற்க வேண்டாம். வாயால் மரகதம் என்று சொன்னவர் கையால் எழுதத் தயங்கினால், அங்கேயே பர்ஸை மூடிவிடலாம். 'இயற்கை மரகதம்', 'செயற்கை மரகதம்', 'கிளாஸ் செராமிக்' இதில் எது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? கொடுப்பது நம் பணம்.

எழுதிக் கொடுத்தது ஒன்று, கொடுத்த கல் வேறு என்று தெரிந்தால் நுகர்வோர் குறை தீர்க்கும் ஆணையம் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தன் சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்டுக் கொள்ளலாம். பில்லும் பரிசோதனைக் கூடத்தின் சீட்டும் கையில் இருந்தால் வழக்கு நிற்கும். துண்டுச் சீட்டில் கூட்டிப் போட்ட கணக்கை வைத்துக் கொண்டு அலைந்தால் கால்தான் வலிக்கும்.

வாங்கிவிட்டவர்கள்...

நானோ கல் பதித்த கம்மலோ மோதிரமோ ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் கழற்றி எறிய வேண்டியதில்லை. நானோ என்று தெரிந்து, நானோ விலை கொடுத்து வாங்கி இருந்தால் அது நல்ல சரக்குதான். சாதாரணக் கண்ணாடிக் கல்லை விடக் கடினம். நிறம் கல்லுக்குள்ளேயே கலந்திருப்பதால் மேல் பூச்சு போல உரிந்து போகாது. ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் தாராளமாகப் போட்டுக் கொண்டு போகலாம்.

தெருப் புழுதியில் உள்ள மணல் துகளுக்கும் கடினம் 7 என்பதால், அழுக்கோடு துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டு மெல்லத் துடைக்க வேண்டும். வைர மோதிரத்தோடு ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் வைரம் இதைக் கீறிவிடும். தனியாக ஒரு துணிப் பையில் வைத்தால் பட்டை மழுங்காமல் இருக்கும்.